ஃபைபர் எட்டாத சிற்றூருக்கு ரேடியோ இணைப்பு

ஃபைபர் வந்து நின்ற இடத்திலிருந்து 5 கி.மீ. தள்ளி ஊர் இருக்கிறதா? 5.8 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ இரண்டு போதும், நல்ல வேகத்தில் இணையம் போய்ச் சேரும். ஆனால் ரேடியோ வாங்குவதற்கு முன் கம்பத்தின் உயரத்தைக் கணக்குப் போடுங்கள். பல இணைப்புகள் கெடுவது அங்கேதான்.

எதிர் முனை கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. அலை நடுவழியில் அகன்று போகும். அந்த அகலத்துக்கு ஃப்ரெனெல் மண்டலம் என்று பெயர். 5 கி.மீ. இணைப்பின் நடுவில் அதன் ஆரம் சுமார் 8 மீட்டர். அதில் 60 சதவீதமாவது, அதாவது கிட்டத்தட்ட 5 மீட்டர், தடையில்லாமல் இருக்க வேண்டும். நடுவில் 10 மீட்டர் மரம் நின்றால், பார்வைக் கோடு அங்கே 15 மீட்டர் உயரத்தில் போக வேண்டும். மரம் இன்னும் வளரும், அதற்கும் இரண்டு மூன்று மீட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள். இலை உதிர்ந்த பருவத்தில் சோதித்துக் கட்டிய இணைப்பு, தழைத்த பிறகு வரும் முதல் மழையில் படுத்துவிடும். எல்லோரும் மழையைத்தான் திட்டுவார்கள். இந்த அலைவரிசையில், இந்தத் தூரத்துக்கு மழையால் வரும் இழப்பு மிகக் குறைவு. சிக்னலைக் குடிப்பது நனைந்த இலை.

ஆன்டெனாவைத் திருப்புவதற்கு முன் எவ்வளவு சிக்னல் வர வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். 5 கி.மீ. வெட்டவெளியைக் கடப்பதில் சிக்னல் இழப்பு சுமார் 122 டெசிபல் (சிக்னல் எவ்வளவு கூடுகிறது, குறைகிறது என்று சொல்லும் அலகு). 20 டிபிஎம் (சிக்னலின் திறனைச் சொல்லும் அலகு) அனுப்பி, இரு பக்கமும் 23 டிபிஐ (ஆன்டெனா சிக்னலை எவ்வளவு குவிக்கிறது என்ற அளவு) ஆன்டெனா வைத்தால் −56 டிபிஎம் அளவில் வரும். (அனுப்பும் திறனுக்கு அந்தந்த நாட்டு வரம்பு உண்டு.) அதைவிட மிகக் குறைவாக −75 காட்டினால், வழியில் தடை இல்லாதபோது, பக்கக் கற்றையில் (முதன்மைக் கற்றைக்குப் பக்கத்தில் கிளம்பும் பலவீனமான கற்றை) பிடித்திருக்க வாய்ப்பு அதிகம். அங்கேயே இறுக்கிவிடாதீர்கள். ஒரு முனையை அசைக்காமல், மறுமுனையை இடமிருந்து வலமாக முழுக்கத் திருப்பி உச்சத்தைக் கண்டுபிடியுங்கள். அப்புறம் மேலும் கீழும். போல்ட்டை இறுக்கும்போதும் ஆன்டெனா நகரும், சிக்னல் காட்டும் மீட்டரிலிருந்து கண் எடுக்கக் கூடாது.

ரேடியோவுக்கு மின்சாரமும் தரவும் கொண்டுபோகும் கேபிள் முழுச் செம்பாக, வெயில் தாங்கும் உறையோடு இருக்கட்டும். செம்பு பூசிய அலுமினியத்தில் மின்தடை அதிகம். நீளக் கேபிளில் வோல்ட் இறங்கி, சுமை ஏறும்போது ரேடியோ அணைந்து அணைந்து எழும். ரேடியோ பழுது என்று நினைத்து அதை மாற்றுவது வீண்செலவு. கேபிள் பெட்டிக்குள் நுழையும் இடத்துக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டால் மழைத்தண்ணீர் அதன் வழியாகச் சொட்டிவிடும், உள்ளே போகாது.

மின்சாரத்துக்கு: ஒரு முனையில் ரேடியோவும் நெட்வொர்க் ஸ்விட்சும் (இணைப்பைப் பல கருவிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) சேர்ந்து 25 வாட் என்றால், ஒரு நாளைக்கு 600 வாட்-மணி. 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்காமல் ஓட்டினால் சரியாக அவ்வளவுதான் கிடைக்கும். இதில் இன்வெர்ட்டரைச் சேர்க்காதீர்கள், சும்மா இருக்கும்போதே அது மின்சாரம் தின்னும். வோல்ட்டை உயர்த்தும் டிசி கன்வெர்ட்டர் ஒன்றை வைத்து பேட்டரியிலிருந்து நேரே ரேடியோவுக்குக் கொடுங்கள்.