அணை அடியில், மழை மில்லிமீட்டரில்: ஒரே படத்தில் இரண்டு அச்சு போடுபவர்களுக்கு

மதுரையில் எம்.எஸ்ஸி. புள்ளியியல் படித்தபோது ப்ராஜெக்ட்டுக்கு வைகை அணை நீர்மட்டத்தையும் மதுரையின் மாத மழையையும் எடுத்துக்கொண்டேன். அணையின் முழுக் கொள்ளளவு 71 அடி. வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் ஒரு மாத மழையே 200 மி.மீ.யைத் தாண்டிவிடும். இரண்டையும் வரைபடத்தில் ஒரே செங்குத்து அச்சில் வைத்தால் அணையின் ஏற்ற இறக்கம் கீழே அமுங்கிப்போகும். அதனால் கம்பிகளாக (பார்) வரையும் மழைக்கு இடப்பக்க அச்சு, கோடாக வரையும் அணைக்கு வலப்பக்க அச்சு.

செய்முறை சுலபம்தான். எக்செல்லில் அணைக் கோட்டை ரைட் கிளிக் செய்து செகண்டரி ஆக்சிஸுக்கு மாற்றினால் போதும். பைத்தானில் படம் வரையும் மேட்பிளாட்லிப்பில், இரண்டாவது செங்குத்து அச்சைச் சேர்க்கும் ட்வின்எக்ஸ் இருக்கிறது. அதில் நிறத்தை நீங்களே கொடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு அச்சும் முதல் நிறமான நீலத்திலேயே தொடங்கும். ஆர் மொழியில் பார் நியூ ட்ரூ, அதாவது par(new=TRUE), போட்டு ஒன்றின் மேல் ஒன்றாக வரைபவர்கள் கிடை எல்லையான எக்ஸ்லிம்மை இரண்டுக்கும் ஒன்றாகவே கொடுக்க வேண்டும். அதை விட்டால் இரண்டாவது படம் தன் கிடை எல்லையைத் தானே முடிவு செய்துகொள்ளும்; ஐப்பசி மழை கார்த்திகை மட்டத்துக்கு நேராகப் போய் நிற்கும். பார்த்தால் தவறே தெரியாது, அதுதான் ஆபத்து.

வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வு) உண்மையில் தயாராக வேண்டியது வேறு கேள்விக்கு: “நவம்பரில் கோடு கம்பியை வெட்டுகிறதே, ஏன்?” நேர்மையான பதில், அந்த வெட்டுக்கு அர்த்தமே இல்லை என்பதுதான். வலது அச்சை 0 முதல் 71 வரை வைத்தால் ஓரிடத்தில் வெட்டும். 40 முதல் 71 வரை வைத்தால் இன்னோரிடத்தில் வெட்டும். இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியும், எது செங்குத்தாக ஏறுகிறது என்பதும் அப்படியே. எல்லையை ஏன் அப்படி வைத்தீர்கள் என்று சொல்லத் தெரிய வேண்டும். நான் 0 முதல் 71 வரை வைத்தேன். காலி அணை, நிறைந்த அணை என்று இரண்டு முனைக்கும் பொருள் இருக்கிறது.

அச்சை எப்படி மாற்றினாலும் மாறாதது காலம். எது முதலில் ஏறியது, எது பின்னால் வந்தது என்பதைத் தைரியமாகப் பேசலாம். ஜூலை, ஆகஸ்டில் மதுரைக் கம்பிகள் குட்டையாக இருக்கும்போதே அணை மட்டம் ஏறுவதைப் பார்க்கலாம். தென்மேற்குப் பருவமழையில் நிரம்பும் முல்லைப் பெரியாறு நீர் மலைச் சுரங்கம் வழியாக வைகைக்கு வருகிறது. மதுரை மழையை மட்டும் வைத்து அணையைக் கணிக்க முடியாது என்று அந்த ஒரே படம் காட்டிவிடும். எனக்கு ப்ராஜெக்ட்டிலேயே பிடித்த இடம் அதுதான்.

இன்னொன்று. முதல் வெள்ள எச்சரிக்கை விடும் 66 அடியைக் குறிக்கக் கிடைக்கோடு போடுவீர்கள். அதை வலது அச்சின் அளவில் போடுங்கள். இடது அச்சில் போட்டால் அது 66 மி.மீ. மழையைக் காட்டும்.

பிரிண்டுக்குக் கொடுக்கும்போது ஜெராக்ஸில் நீலமும் சிவப்பும் ஒரே சாம்பலாகிவிடும். மழைக்குக் கம்பி, அணைக்குக் கறுப்புக் கோடு என்று வடிவத்திலேயே பிரித்துவிடுங்கள். சேமிக்கும்போது வலது அச்சின் பெயர் ஓரத்தில் வெட்டுப்படுகிறதா என்றும் பாருங்கள். மேட்பிளாட்லிப்பில் பிபாக்ஸ் டைட் கொடுத்தால் சரியாகும்.