வெள்ளைக் காதும் நெற்சாவியும்

நீடாமங்கலம் பக்கத்தில் எங்களுக்கு ஒரு உரக்கடை. அப்பா வைத்தது, இப்போது கல்லாவில் நான். பன்னிரண்டாவது வரை தமிழ் வழி. இங்கிலீஷில் தட்டுத்தடுமாறி பாஸ் ஆனவன். இன்றைக்கு இங்கிலீஷ் இந்து பேப்பரை டீ ஆறுவதற்குள் ஒரு சுற்று படித்துவிடுகிறேன் என்றால், அதற்கு எந்த கோச்சிங் சென்டரும் காரணம் இல்லை. உர மூட்டையும் பூச்சிமருந்து நோட்டீஸும்தான் காரணம்.

நானாகப் படித்த முதல் ஆங்கில வாக்கியம் யூரியா மூட்டையில் இருந்தது. ‘யூஸ் நோ ஹுக்ஸ்.’ ஸ்கூல் விட்டு வந்து மூட்டை மேல் ஏறி உட்கார்ந்து எழுத்துக் கூட்டினேன். ஒவ்வொரு வார்த்தையும் தெரிகிறது, சேர்த்துப் பார்த்தால் ஒன்றும் புரியவில்லை. ‘டூ நாட் யூஸ்’ என்றுதானே வாத்தியார் சொல்லிக் கொடுத்தார்? லோடு இறக்க வந்த அண்ணன், தோளில் மாட்டியிருந்த இரும்புக் கொக்கியைத் தொட்டுக் காட்டி, “இதைப் போட்டு இழுக்காதேன்னு போட்டிருக்கான். சாக்கு கிழிஞ்சு உரம் கொட்டிடுமாம்” என்றார். அவருக்கு ஆங்கிலத்தில் ஒரு எழுத்து தெரியாது. சொல்லிவிட்டு அதே கொக்கியைப் போட்டுத்தான் அடுத்த மூட்டையை இழுத்தார்.

கடையில் நான் தனியாக உட்கார்ந்த முதல் சம்பாவில் மானம் போனது. குருத்துப்பூச்சிக்கு ஒரு மருந்து வந்திருந்தது. கூடவே ஆங்கிலத்தில் ஒரு நோட்டீஸ். பெரியவர் ஒருவர், “என்ன தம்பி போட்டிருக்கு, படிச்சுச் சொல்லு” என்றார். முதலில் ‘டெட் ஹார்ட்’ என்றிருந்தது. செத்த இதயம். சரி, கவிதை மாதிரி ஏதோ எழுதியிருக்கிறார்கள் என்று தாண்டிவிட்டேன். அடுத்தது ‘ஒயிட் இயர்’. “வெள்ளைக் காது வந்தா இதை அடிக்கணுமாம் பெரியப்பா” என்றேன். கடையில் இருந்த நாலு பேரும் சிரித்த சிரிப்பு! அதற்குப் பிறகு ஒரு வருஷம் எனக்கு ‘காது’ என்றே பெயர்.

அன்று சாயந்தரம் பெரியவர் என்னை அவர் வயலுக்கே கூட்டிக்கொண்டு போனார். வரப்பில் குனிந்து, பச்சைக் குத்துக்கு நடுவே பழுப்பேறி நின்ற ஒரு குருத்தை இரண்டு விரலால் இழுத்தார். தடையே இல்லாமல், வெண்ணெயில் குத்திய குச்சி மாதிரி கையோடு வந்துவிட்டது. அடிப்பக்கம் புழு தின்று அழுகியிருந்தது. இதுதான் டெட் ஹார்ட். வாழைக்கு நாம் குருத்து என்கிற நடுப்பாகம்தான் இங்கே ஹார்ட். பக்கத்து வயல் கதிர் தள்ளியிருந்தது. எல்லாக் கதிரும் பால் பிடித்துத் தலை சாய ஆரம்பிக்க, ஒன்றிரண்டு மட்டும் வெளுத்துப்போய் விறைப்பாக நின்றன. அவர் ஒரு மணியை நசுக்கிக் காட்டினார். உள்ளே ஒன்றும் இல்லை. “சாவி” என்றார்.

லிப்கோ அகராதியைப் புரட்டியபோதுதான் தெரிந்தது, இயர் என்றால் கதிர் என்றும் அர்த்தம். காதுக்கும் கதிருக்கும் சம்பந்தமே கிடையாது. பழைய ஆங்கிலத்தில் வேறு வேறாக இருந்த இரண்டு சொற்கள் காலப்போக்கில் ஒரே உருவத்தில் வந்து நின்றுவிட்டன. எனக்கு ஒரு ஆறுதல் கிடைத்தது. நம் சாவியும் அப்படித்தானே? பூட்டுக்குப் போடும் சாவி போர்த்துகீசியர் கொடுத்தது. நெல்லில் விழும் சாவி, சாவு வீட்டுச் சொல், நம்முடையது. தமிழ் படிக்க வரும் வெள்ளைக்காரன் ஒருவன் நம் வயலில் நின்று, “கதிரெல்லாம் சாவி” என்று கேட்டால், பூட்டைத்தானே தேடுவான்?

அன்றிலிருந்து கடன் நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கி வார்த்தைகளை எழுத ஆரம்பித்தேன். முன்பக்கத்தில் யார் எவ்வளவு பாக்கி, பின்பக்கத்தில் நான் எதைப் படிக்கத் திணறினேன். வார்த்தையோடு அது வந்த வாக்கியத்தையும் எழுதிவிடுவேன். போனில் தினம் ஒரு வார்த்தை அனுப்பும் ஆப்பையும் போட்டுப் பார்த்தேன். பளபளப்பாக ஏதோ அனுப்பும், மறுநாள் மறந்துவிடும், அப்புறம் ஜென்மத்தில் அதை எங்கேயும் பார்க்கமாட்டோம். பேப்பர் அப்படி இல்லை. எங்கள் ஊர்ச் செய்தி வருஷா வருஷம் அதே வார்த்தைகளோடு திரும்பி வரும். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 நெருங்கினால் ‘கஸ்டமரி டேட்’. அணை நிரம்பி 120 அடியைத் தொட்டால் ‘சர்ப்ளஸ்’, உபரி நீர். ஐப்பசியில் வயல் மூழ்கினால் ‘இனண்டேட்டட்’, கரை உடைந்தால் ‘பிரீச்’. தையில் கொள்முதல் நிலையச் செய்தி, நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் ‘ரிலாக்சேஷன்’, அதாவது விதியில் தளர்வு கேட்பார்கள். ரிலாக்ஸ் என்றால் காலை நீட்டி உட்காருவது என்று நினைத்திருந்தேன். பாவம், அந்த வாரம் களத்தில் யாருக்கும் உட்காரவே நேரம் இருக்காது.

2021 ஜனவரியில் அறுவடைக்கு நின்ற சம்பாவில் மழை அடித்ததே, அப்போது பேப்பரில் நெல் ‘லாட்ஜ்டு’ என்று போட்டிருந்தது. நெல்லைப் பத்திரமாக எங்கோ கொண்டுபோய்த் தங்க வைத்துவிட்டார்கள் என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். பயிர் சாய்ந்ததைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். நாங்கள் ‘படுத்துடுச்சு’ என்போம். யோசித்தால் லாட்ஜும் படுக்கிற இடம்தான். மரபுத்தொடர்களில் எனக்குப் பிடித்தது ‘ஹை அண்ட் டிரை’. வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடைக்குத் தண்ணீர் போகவில்லை என்றால் இதைப் போடுவார்கள். தண்ணீர் வடிந்து கரையில் மாட்டிக்கொண்ட கப்பலைச் சொன்னதாம் முதலில். எங்கள் கடைமடையோ தாழ்வான பூமி, ஹை எல்லாம் கிடையாது, டிரை மட்டும்தான். ‘டாக் இன் தி மேஞ்சர்’ வந்தபோது அகராதியே தேவைப்படவில்லை. வைக்கோல்போர் நாய், அது எங்கள் தெருவிலேயே இருக்கிறது.

ஒன்று மட்டும் நோட்டில் தனியாகக் கட்டம் போட்டு வைத்திருக்கிறேன். ரைவல். எதிரி, போட்டியாளர் என்று எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஒரு ராத்திரி போன் அகராதியில் அதன் வேரைப் பார்த்தேன். லத்தீனில் ரீவுஸ் என்றால் ஓடை, வாய்க்கால். ரீவாலிஸ் என்றால் அதே ஓடையில் தண்ணீர் எடுக்கிற இன்னொருத்தன். ரிவருக்கும் இதற்கும் உறவு இருக்கும் என்றுதான் நினைத்தேன், இல்லையாம். ரிவர், கரை என்று பொருள்படும் வேறொரு சொல்லிலிருந்து வந்தது. எனக்குத் தூக்கம் போய்விட்டது. இதற்குத் தமிழில் பங்காளி என்று நாம் வேறு சொல் வைத்திருக்கிறோமே! பங்கு போட்டுக்கொள்கிறவன்தான், ஆனால் ‘பங்காளிச் சண்டை’ என்றால் இந்த ஊரில் விளக்கமே வேண்டாம்.

என் சித்தப்பா மகனுக்கும் எனக்கும் ஒரே வாய்க்கால். முறை வைத்துத் தண்ணீர் விட்ட ஒரு வருஷம், ராத்திரி ரெண்டு மணிக்கு மடையில் ஆரம்பித்த தகராறு. அப்புறம் இரண்டு வருஷம் பேச்சு கிடையாது. ஆனால் உரம் என் கடையில்தான் வாங்குவான், அதுவும் கடனில். கூடவே ஒரு ஆளை அழைத்து வந்து, அந்த ஆள் மூலமாகக் கேட்பான். இப்போது பேசுகிறோம். போன வாரம் வந்தவனிடம் இந்த வார்த்தையைச் சொன்னேன்.

“ஒரே வாய்க்கால்ல தண்ணி எடுக்கிறவன்தான் ரைவலாம்டா. லத்தீன்ல.”

அவன் கொஞ்சம் யோசித்தான். “அப்ப அங்கேயும் மேல்மடைக்காரன்தான் முதல்ல அடைச்சிருப்பான்ணே.” பிறகு, “ரெண்டு மூட்டை யூரியா போடுங்க, நோட்டுல எழுதிக்குங்க.”

முன்பக்கம் திருப்பி அவன் கணக்கில் எழுதினேன். மேல்மடை என் வயல்தான்.