பாய்மர உரிமத்தில் மோட்டார் படகுத் தகுதியைச் சேர்த்தபோது

பாய்மரப் படகு உரிமம் வாங்கி மூன்று வருடம் கழித்துத்தான் மோட்டார் தகுதியையும் சேர்க்கலாம் என்று போனேன். காற்றை நம்பியே கரை சேரத் தெரிந்த எனக்கு இன்ஜின் என்ன பெரிய விஷயம் என்ற நினைப்பு. முதல் பயிற்சி நாளில் படகின் பின்முனையைத் துறைச்சுவரில் நன்றாக இடித்துவிட்டுத்தான் அந்த நினைப்பு போயிற்று.

எதற்குத் தனித் தகுதி என்று கேட்பவர்கள் உண்டு. பல நாடுகள் ஏற்கும் சர்வதேச உல்லாசப் படகுச் சான்றிதழ், ஐக்கிய நாடுகள் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 40-ஆம் தீர்மானப்படி வழங்கப்படுவது. அதிலேயே பாய்மரம், மோட்டார் என்று தனித்தனியாகக் குறிப்பிட இடம் இருக்கிறது. உள்நாட்டு நீர்நிலை, கரையோரக் கடல் என்ற பிரிவும் அப்படித்தான். தேர்வு முறை நாட்டுக்கு நாடு மாறும், அதனால் எந்தப் பகுதியை மறுபடி எழுத வேண்டும் என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மிதவைகள், வரைபடம், வானிலை, முடிச்சுகள் எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவைதான். ஒருமுறை புரட்டிப் பார்த்தால் போதும். நான் அவற்றிலேயே ஒரு வாரத்தை வீணடித்தேன், தெரிந்ததைப் படிப்பது சுகமாக இருந்ததால்.

நேரத்தைப் போட வேண்டியது வழிவிடும் விதிகளில். 1972-இன் மோதல் தவிர்ப்பு விதிகளைப் பாய்மரத்துக்காகவும் படித்திருப்போம். ஆனால் எல்லாவற்றையும் பாயின் பக்கத்திலிருந்தே பார்த்திருப்போம். எதிரே மோட்டார் படகு வந்தால் பெரும்பாலும் அதுதான் விலகும், நாம் போன வழியே போகலாம். இந்தப் பழக்கம் உடம்பில் ஊறிவிடுகிறது. பயிற்சியில் வலப்பக்கத்திலிருந்து ஒரு மோட்டார் படகு குறுக்கே வந்தது. நான் நிதானமாக நேராகவே போய்க்கொண்டிருந்தேன். பயிற்றுநர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "உங்கள் பாய் எங்கே?" என்று மட்டும் கேட்டார். இரண்டு மோட்டார் படகுகள் குறுக்கே சந்தித்தால், மற்றதைத் தன் வலப்பக்கத்தில் பார்ப்பவர்தான் விலக வேண்டும். நேருக்கு நேர் வந்தால் இருவரும் வலப்பக்கம் திரும்ப வேண்டும். வாயால் சொல்ல எனக்குத் தெரியும், ஆனால் கைக்குத் தெரியவில்லை.

இதில் தேர்வில் மாட்டிவிடும் கேள்விகள் இரண்டு. பாயை ஏற்றியிருக்கிறீர்கள், கூடவே இன்ஜினும் படகைத் தள்ளுகிறது என்றால் நீங்கள் யார்? விதிப்படி இயந்திரப் படகு. பகலில் முன்பக்கம் முனை கீழே பார்த்தபடி ஒரு கருங்கூம்பைத் தொங்கவிட வேண்டும். இரவில் பாய்மர விளக்கை விட்டு இயந்திரப் படகின் விளக்குகளுக்கு மாற வேண்டும். இரண்டாவது, மெதுவாகப் போகும் மோட்டார் படகைப் பாய்மரப் படகு பின்னாலிருந்து முந்தினால் யார் விலகுவது? முந்துகிற பாய்மரப் படகுதான். பாய் இருந்தால் எப்போதும் முன்னுரிமை என்று மனப்பாடம் செய்தவர்கள் இங்கே மதிப்பெண்ணை விடுவார்கள்.

இரவு விளக்குகள் ஒவ்வொன்றும் எவ்வளவு கோணத்துக்குத் தெரியும் என்பதை மனதில் நிறுத்த ஒரு வழி: பக்க விளக்கு ஒவ்வொன்றும் 112.5 பாகை, இரண்டும் சேர்ந்தால் 225. பாய்மரப் படகு பாயில் போகும்போது இல்லாத அந்த வெள்ளை உச்சி விளக்கும் அதே 225 பாகைதான். மீதி 135 பின் விளக்குக்கு. ஒலிக் குறிகளில் மூன்று குறுகிய ஒலி என்றால் இன்ஜினைப் பின்னோக்கி இயக்குகிறேன் என்று பொருள். பாய்மரத்துக்குப் படித்தபோது நான் தாண்டிப் போன வரி அது.

சரி, இனி படகைக் கையாள்வது. பாய்மரப் படகில் ஓட்டம் இருக்கும்வரை சுக்கான் வேலை செய்யும். வெளிப்புற மோட்டார் பொருத்திய படகில் தனிச் சுக்கானே கிடையாது. புரொப்பெல்லர் தள்ளும் திசைதான் சுக்கான். நியூட்ரலில் போட்டால் படகு வழுக்கிக்கொண்டே போகும், ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் பெரிதாக அசையாது. நான் சுவரில் இடித்தது இதனால்தான். வேகம் அதிகமாகிவிட்டதே என்று நியூட்ரலுக்கு மாற்றிவிட்டு, பழைய பழக்கத்தில் திருப்பிக்கொண்டே இருந்தேன். முதலில் ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும், அப்புறம் கியர், அதுவும் ஒரு நொடி இரண்டு நொடி தட்டிவிட்டு எடுக்க வேண்டும். முன் கியரிலிருந்து பின் கியருக்குப் போகும்போது நடுவில் நியூட்ரலில் கொஞ்சம் நிறுத்துங்கள். கியர்பாக்ஸ் நன்றி சொல்லும்.

உள் இன்ஜினும், புரொப்பெல்லரைச் சுழற்றும் நிலையான தண்டும் உள்ள படகில் வேறொரு குணம் உண்டு. முன்னோக்கிப் போகும்போது, பின்னாலிருந்து பார்த்தால் வலஞ்சுழியாகச் சுற்றும் புரொப்பெல்லர், பின் கியரில் பின்முனையை இடப்பக்கம் இழுக்கும். தெரியாதவருக்கு இது தொல்லை, தெரிந்தவருக்கு வரம். இடப்பக்கம் துறை இருக்கும்படி சாய்வாக வந்து பின் கியர் போட்டால் பின்முனை தானாகவே துறையோடு ஒட்டிக்கொள்ளும். புதுப் படகு என்றால் கட்டிய கயிற்றை அவிழ்க்கும் முன்பே பின் கியரைப் போட்டு, கலங்கிய நீர் எந்தப் பக்கம் வருகிறது என்று பாருங்கள். பின்முனை அதற்கு எதிர்ப்பக்கம் போகும்.

பாய்மரக்காரருக்குச் சாதகமான இடமும் உண்டு. நீருக்குமேல் உயரமாகவும் நீருக்குள் ஆழமில்லாமலும் இருக்கும் மோட்டார் படகின் முன்முனையைக் காற்று எளிதாகத் தள்ளிவிடும். கூடப் படித்தவர்கள் அதைத் தள்ளிய பிறகு கவனித்தார்கள், நான் முன்பே கன்னத்தில் உணர்ந்தேன். எதிரே வரும் பாய்மரப் படகின் பாய் விளிம்பு படபடத்தால் அது திசை மாறப் போகிறது என்று எனக்குத் தெரியும். அதனால் அதன் பின்பக்கமாக, நிறைய இடம் விட்டுப் போனேன்.

ஆள் விழுந்தால் மீட்கும் பயிற்சியில்தான் எனக்குப் பெரிய அடி. பாயைத் தளர்த்தி மெதுவாக அருகில் போய் எடுத்தே பழக்கம். மோட்டாரில், விழுந்தவர் இருக்கும் பக்கமே உடனே திருப்ப வேண்டும், அப்போதுதான் பின்முனையும் புரொப்பெல்லரும் அவரைவிட்டு விலகும். அதைச் சரியாகச் செய்தேன். காற்றை எதிர்த்து மெதுவாக வந்தேன், அதுவும் சரி. கடைசியில் கியர் முன்னிலேயே இருந்தது. விழுந்த ஆளுக்குப் பதிலாகப் போட்டிருந்த மிதவையைக் கையில் எடுத்துப் பெருமையாகத் திரும்பிப் பார்த்தால், பயிற்றுநர் புரொப்பெல்லரைக் கையால் காட்டினார். ஆள் படகின் அருகே வந்ததும் புரொப்பெல்லர் நின்றிருக்க வேண்டும். மற்றதெல்லாம் எவ்வளவு அழகாக இருந்தாலும் இது தவறினால் அந்தப் பயிற்சி முழுவதுமே தோல்வி.

கில் கார்டு, அதாவது ஓட்டுபவர் தூக்கி எறியப்பட்டால் இன்ஜினை அணைத்துவிடும் சுருள் கயிறு, இன்ஜின் ஓடும்வரை உடம்பில் இருக்கட்டும். ஓட்டுபவர் மாறும்போது முதலில் இன்ஜினை அணைத்துவிட்டுத்தான் கயிற்றைக் கைமாற்ற வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடிப்பகுதியில் தேங்கும், அதனால் உள் இன்ஜினைத் தொடங்கும் முன் காற்றோட்டி விசிறியைச் சில நிமிடங்கள் ஓட விட வேண்டும். எரிபொருள் கணக்கில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு. பாயில் திரும்பிவிடலாம் என்று பழகியவர்களுக்கு இந்தக் கணக்கு சுலபத்தில் மனதில் ஒட்டாது.

தேர்வு நாளில் துறையில் நிறுத்தும் முதல் முயற்சி கோணலாகப் போயிற்று. இழுத்துப் பிடித்துச் சரிசெய்யாமல், "மறுபடி வருகிறேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு விலகி, சுற்றி வந்து நிறுத்தினேன். தேர்வாளர் தலையசைத்ததோடு சரி. தேறிவிட்டேன்.

என் பாய்மரப் படகின் பெட்டிக்குள் அந்தக் கருங்கூம்பு மூன்று வருடமாக மடங்கியே கிடந்தது. அடுத்த முறை காற்று விழுந்து, பாயை இறக்காமலேயே இன்ஜினைப் போட்டபோது, அதைத் தேடி எடுத்துத் தொங்கவிட்டேன். ஒரு மூலை கிழிந்திருந்தது.