வேஸ்லினுக்குப் பதில் கோகம் பட்டர்: இதுவரை செய்து பார்த்ததில்

கோயம்புத்தூரில் மார்கழிக் காற்று கிளம்பினால் உதடு, முழங்கை, குதிகால் எல்லாம் ஒரே நேரத்தில் வறண்டு வெடிக்கும். எங்கள் வீட்டில் இதுவரை இதற்கெல்லாம் பெட்ரோலியம் ஜெல்லிதான். இந்தத் தடவை அதை வாங்காமல், விதையிலிருந்து எடுக்கும் எண்ணெய், கொழுப்புகளை வைத்தே ஒரு களிம்பு செய்துவிடலாம் என்று இறங்கினேன்.

ஜெல்லியை விஷம் என்று சொல்லும் கூட்டத்தில் நான் இல்லை. ராபர்ட் செஸ்ப்ரோ என்ற அமெரிக்க வேதியியலாளர் 1859-ல் பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில் எண்ணெய்க் கிணறுகளுக்குப் போனபோது, துளையிடும் தண்டுகளில் ஒட்டிக்கொண்டு வேலையைக் கெடுத்த பிசினைத் தொழிலாளிகள் வெட்டுக்காயத்தில் தடவிக்கொள்வதைப் பார்த்தார். அதைச் சுத்திகரித்து 1872-ல் காப்புரிமை வாங்கியதுதான் வேஸ்லின். நன்றாகச் சுத்திகரித்ததில் பயப்பட ஒன்றுமில்லை, அரைகுறையாகச் சுத்திகரித்த கனிம எண்ணெய்தான் புற்றுநோய்ப் பட்டியலில் இருக்கிறது. தோலின் ஈரத்தை வெளியே விடாமல் அடைப்பதிலும் ஜெல்லியை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அடைப்பதோடு அதன் வேலை முடிந்தது. மேலேயே பிசுபிசுவென்று நிற்கும், தலையணை உறையில் ஒட்டும், அப்புறம் பொள்ளாச்சித் தேங்காய் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது கச்சா எண்ணெயின் மிச்சத்தை எதற்குத் தடவ வேண்டும் என்று ஒரு வீம்பும் உண்டு.

"இதுக்கு நேரா தேங்காய் எண்ணெயையே தடவிட்டுப் போயிடலாமே" என்றார் அம்மா. தடவலாம்தான். ஆனால் அது 24 டிகிரிக்கு மேல் தண்ணீராக ஓடும், குதிகாலில் தடவிக்கொண்டு டைல்ஸ் தரையில் நடந்தால் ஆளை வாரிவிடும். நிற்கிற மாதிரி ஏதாவது வேண்டும்.

அங்கேதான் கோகம் பட்டர் வந்தது. கொங்கணத்தில் குழம்பில் புளிக்குப் பதில் போடுவார்களே, அந்தப் பழத்தின் விதைக்கொழுப்பு. கட்டியாக, வெள்ளையாக, வாசனையே இல்லாமல் இருக்கும். விரலால் அழுத்தினால் பொருக்குப் பொருக்காக உடையும், உருகாது. கையில் வைத்துத் தேய்க்கத் தேய்க்கத்தான் இளகும், ஏனென்றால் அதன் உருகுநிலை நம் உடம்புச் சூட்டை ஒட்டி, கொஞ்சம் மேலே. எண்ணெயோடு கலந்தால் நம் ஊர் வெயிலுக்கு ஷியா பட்டரைவிட (ஆப்பிரிக்க மரம் ஒன்றின் கொட்டைக்கொழுப்பு) இது தேவலாம். ஷியாவிலும் ஒன்று செய்தேன், மெதுவாக ஆறியதில் ரவை ரவையாகத் திரண்டுவிட்டது. சீக்கிரம் உறையும் கொழுப்பு முதலில் தனியாகப் பிரிந்து கட்டுவதால் வருவது அது. திரும்ப உருக்கி உடனே ஃபிரிட்ஜில் வைத்தால் வழவழவென்று வரும்.

இப்போது நிற்கும் அளவு, 100 கிராமுக்கு: கோகம் 30, தேங்காய் எண்ணெய் 40, செக்கு நல்லெண்ணெய் 25, கேண்டலில்லா மெழுகு 5. இந்த மெழுகு மெக்சிகோ பாலைவனச் செடியில் இருந்து வருவது, அதனால் உள்ளூர்ப் பெருமையில் அந்த 5 கிராமைக் கழித்துக்கொள்ளுங்கள். தேன்மெழுகு என்றால் ஏறக்குறைய இரட்டிப்பாகப் போட வேண்டும், ஆனால் அது செடியில் இருந்து வருவதல்ல. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்து முதலில் மெழுகை உருக்க வேண்டும், அதற்குத்தான் 70 டிகிரி வரை சூடு தேவை. பிறகு கோகம், கடைசியில் எண்ணெய்கள். டப்பாவில் ஊற்றும் முன் ஃபிரிட்ஜில் வைத்த ஸ்பூனின் பின்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்: உடனே மங்கலாக உறைந்து, விரலால் தள்ளினால் மடிப்பு விழாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் சரி. உடைந்தால் எண்ணெய் போதவில்லை.

பலன் என்று பார்த்தால், முழங்கைக்கும் உதட்டுக்கும் ஜெல்லியைத் திரும்பத் தேடவில்லை. இதில் களிம்பைவிட முக்கியம் தடவும் நேரம். குளித்துவிட்டுத் துண்டால் ஒற்றிய கையோடு, தோல் ஈரமாக இருக்கும்போதே தடவ வேண்டும், காய்ந்த தோலில் எதைப் பூசினாலும் பளபளப்புதான் மிச்சம். அப்பாவின் பித்தவெடிப்புக்கு மட்டும் இது போதவில்லை. ஆழமான வெடிப்புக்கு ராத்திரி ஜெல்லி தடவி சாக்ஸ் போட்டுக்கொள்வதுதான் வேகமாகக் கேட்கிறது, அதை ஒத்துக்கொள்வதில் எனக்கு வருத்தமில்லை.

முகத்துக்கு இதைப் போடாதீர்கள். தேங்காய் எண்ணெய் துவாரங்களை அடைக்கும், பரு வரும் ஆட்களுக்கு ஆகவே ஆகாது. ஆலிவ் எண்ணெயும் வேண்டாம்: 2013-ல் வந்த ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வில் அது தோலின் மேலடுக்கைப் பலவீனப்படுத்தியது தெரிந்தது, சூரியகாந்தி எண்ணெய் அப்படிச் செய்யவில்லை. முகத்துக்கு நான் இரண்டு சொட்டு சூரியகாந்தி எண்ணெயோடு நிறுத்திக்கொள்கிறேன். புதிதாக எதுவானாலும் முழங்கையின் உள்பக்கம் தடவி ஒரு நாள் விட்டுப் பார்ப்பது நல்லது.

கற்றாழை சேர்க்கலாமா என்று தங்கை கேட்டுக்கொண்டே இருக்கிறாள். தண்ணீர் சேர்ந்தால் பூஞ்சை பிடிக்கும், அதற்குத் தனியாகக் கெடாமல் காக்கும் பொருள் போட வேண்டும், வைட்டமின் ஈ அந்த வேலைக்கு ஆகாது. அது எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமல் தள்ளிப்போடும், அவ்வளவுதான். அதனால் தண்ணீர் பக்கம் இப்போதைக்குப் போகவில்லை.

ஒரு டப்பாவை வண்டி சீட்டுக்கு அடியில் போட்டு வைத்திருக்கிறேன். பங்குனி வெயிலுக்குத் தாங்கினால் இதே அளவு, ஓடினால் மெழுகை 6 ஆக்கி எண்ணெயில் ஒன்றைக் குறைக்க வேண்டும்.