பகல் முழுதும் மகளை யாரிடம் விடுவது?

தமிழ்நாடு அரசு 2021-இல் தன் ஊழியர்களுக்கான மகப்பேறு விடுப்பை 12 மாதங்களாக உயர்த்தியதால்தான், மகளின் முதல் பிறந்தநாள் நெருங்கும் வரை அவளுடன் இருக்கும் பேறு எனக்குக் கிடைத்தது. விடுப்பு முடியப் பத்து நாட்களே உள்ள நிலையில், திருச்சியில் நானும் கணவரும் குழந்தைகள் காப்பகங்கள் நான்கைப் பார்த்து வந்தோம்.

முதல் இடத்தில் சுவரெங்கும் வண்ண ஓவியங்கள், குளிர்சாதனம், கைப்பேசியிலேயே பார்க்கும்படி கேமரா என எல்லாம் இருந்தன. ஆனால் பதினான்கு குழந்தைகளுக்கு இரண்டே பணிப்பெண்கள் என்பதும், தூங்காத பிள்ளைகளைத் தொலைக்காட்சி முன் உட்கார வைத்திருந்ததும் மனத்தை உறுத்தின. அடுத்த இரண்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

நான்காவது, உறையூரில் ஒரு வீட்டின் கீழ்த்தளம். அங்கிருந்த அக்கா பருப்புச் சாதத்தை விரலால் மசித்து, குழந்தை விழுங்கி முடிக்கும் வரை காத்திருந்து அடுத்த வாய் ஊட்டினார். திராட்சை, வேர்க்கடலை போன்றவற்றை முழுதாகத் தருவதில்லை, தொண்டையில் சிக்கிக்கொள்ளும் என்று நான் கேட்கும் முன்பே சொன்னார். சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்க்கலாமா என்றதற்கு, "எப்ப வேணும்னாலும் வாங்கம்மா" என்றார். அந்த ஒரு பதிலுக்காகவே முடிவு செய்துவிட்டோம்.

50 பேருக்குக் குறையாமல் பணிபுரியும் நிறுவனங்களில் காப்பக வசதி வேண்டும் என்றும், தாய் நாளுக்கு நான்கு முறை சென்று பார்க்கலாம் என்றும் 2017-ஆம் ஆண்டின் மகப்பேறு நலத் திருத்தச் சட்டம் சொன்னது. அப்படியொரு அறை என் அலுவலகத்திலும் இருந்திருக்கலாம் என்ற ஏக்கம் தீரவில்லை.

திங்கட்கிழமை ஒரு மணி நேரம் மட்டும், நானும் உடனிருக்க, மகளை உறையூர்க் காப்பகத்தில் பழக்கத் தொடங்குகிறோம். தூளிக்கு என் பழைய நூல் புடவை ஒன்றைத் துவைக்காமல் எடுத்து வைத்திருக்கிறேன்.