ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்த இரண்டு பாடகர்கள்

எனக்கு ஒரு பழக்கம் உண்டு; வீட்டில் யாருக்கும் பிடிக்காது. மேடைக் கச்சேரிப் பதிவுகளை ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பேன். கைக்குழந்தை தூங்கும் அறையில் வேறு வழியில்லாமல் தொடங்கியது. குழந்தை இப்போது கல்லூரிக்குப் போகிறாள், பழக்கம் மட்டும் நிற்கவில்லை. பாட்டை எடுத்துவிட்டால் மிஞ்சுவது பாடுகிறவரின் உடம்புதான். அது பொய் சொல்லக் கொஞ்சம் கஷ்டப்படும்.

அப்படி நான் அதிகம் பார்த்தது இருவரை. ஒருவர் அயர்லாந்தின் யூ டூ குழுவின் போனோ. மற்றவர் ஆஸ்திரேலியாவின் மிட்நைட் ஆயில் குழுவின் பீட்டர் காரெட். இருவருமே பாட்டோடு நிற்காமல் அரசியலுக்குள் போனவர்கள். என் அண்ணன் போனோவின் பக்தன். நான் காரெட்டின் பக்கம். இந்தச் சண்டைக்கு முப்பது வயதுக்கு மேல் ஆகிறது.

முதலில் போனோ. 1985 ஜூலை 13, லண்டன் வெம்ப்ளி அரங்கம், எத்தியோப்பியப் பஞ்சத்துக்கு நிதி திரட்டும் கச்சேரி. ஒவ்வொரு குழுவுக்கும் சில நிமிடங்கள்தான். யூ டூ மூன்று பாடல்கள் பாடுவதாகத் திட்டம். இரண்டாவது பாட்டின் நடுவே போனோ மேடையை விட்டுக் கீழே குதிக்கிறார், கூட்டத்தின் முன்வரிசையிலிருந்து ஒரு பெண்ணை வெளியே கொண்டுவரச் செய்து, அவளை அணைத்தபடி மெல்ல ஆடுகிறார். மேலே மற்ற மூவரும் ஆளைக் காணாமல் ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். பாட்டு பன்னிரண்டு நிமிடத்துக்கு நீண்டுவிட, மூன்றாவது பாட்டுக்கு நேரமில்லை. பாடாமல் விட்ட அந்த மூன்றாவதுதான் அப்போது அவர்களின் பெரிய வெற்றிப் பாடல். குழுவினர் கொதித்துப் போனார்கள். காரியத்தைக் கெடுத்துவிட்டோம் என்று போனோவே நினைத்தார். ஆனால் அந்த நாளில் உலகம் நினைவில் வைத்துக்கொண்டவற்றில் அந்த அணைப்பும் ஒன்று.

ஒலியில்லாமல் பார்த்தால் இந்த மனிதரின் சூத்திரம் பளிச்சென்று தெரியும். இடைவெளி என்பதையே அவரால் தாங்க முடியாது. மேடைச் சாரத்தில் கொடியோடு ஏறுவார், கேமராவைப் பிடித்துத் தன் முகத்துக்கு இழுப்பார், யாரையாவது தொட்டே ஆகவேண்டும். அவருடைய அரசியலும் இதே கைகளால் நடந்ததுதான். 1998 மே மாதம், வட அயர்லாந்து சமாதான உடன்பாட்டுக்கு வாக்கெடுப்பு நடக்க மூன்று நாட்கள் இருக்கையில், பெல்ஃபாஸ்ட் மேடையில் டேவிட் ட்ரிம்பிளின் ஒரு கையையும் ஜான் ஹ்யூமின் ஒரு கையையும் பிடித்து உயரத் தூக்கினார். எதிரெதிர்ப் பக்கத்துத் தலைவர்கள், நடுவில் பாடகர். வட அயர்லாந்தில் 71 சதவீதம் பேர் ஆம் என்று வாக்களித்தார்கள். அந்தப் படத்தால்தான் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் படத்தை எடுக்க வேறு யாரால் முடிந்திருக்கும் என்பது அண்ணனின் கேள்வி. அதற்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை.

பிறகு அமெரிக்காவின் கதவுகள். ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ் என்ற வட கரோலினா செனட்டர் வெளிநாட்டு உதவி என்றாலே சீறுகிறவர். போனோ அவரைத் திட்டவில்லை, எதிரே உட்கார்ந்து வேதாகமத்தைக் கொண்டு பேசினார். 2002இல் அந்த ஹெல்ம்ஸ், எய்ட்ஸ் விஷயத்தில் தான் போதுமானதைச் செய்யவில்லை என்று வெட்கப்படுவதாக வெளிப்படையாகச் சொன்னார். அடுத்த ஆண்டு ஜார்ஜ் புஷ் எய்ட்ஸ் ஒழிப்புக்கு ஐந்தாண்டுகளில் 1,500 கோடி டாலர் என்று அறிவித்தார். அதற்காக வாசல் வாசலாக ஏறி இறங்கியவர்களில் போனோ ஒருவர். இராக் போரை நடத்திய புஷ்ஷோடு சிரித்துப் படம் எடுத்துக்கொள்கிறாரே என்று நான் அப்போது அண்ணனிடம் கத்தியிருக்கிறேன். "மருந்து கிடைத்தவனிடம் போய்க் கேள், அந்தப் படம் அவனுக்கு உறுத்துகிறதா என்று" என்றான்.

வாயடைத்துப் போனேன். சரியாக 2006 வரை. அந்த ஆண்டு, அயர்லாந்து அரசு கலைஞர்களுக்கான வரிவிலக்குக்கு ஒரு வரம்பு கட்டியதும், யூ டூ தங்கள் பாடல் உரிமை வியாபாரத்தை நெதர்லாந்துக்கு மாற்றியது. சட்டப்படி தவறில்லை. ஆனால் ஏழை நாடுகளுக்குக் கூடுதலாகக் கொடுங்கள் என்று தன் நாட்டு அரசையே நெருக்கியவர், அந்தக் கஜானாவுக்குப் போகவேண்டியதில் கை வைக்கிறார் என்றால் எப்படி இருக்கும்? இதைச் சொன்னால் அண்ணன் பேச்சை மாற்றி, கச்சேரியின் ஒளியமைப்பைப் பற்றிப் பேச ஆரம்பிப்பான்.

(ஒரு பாவமன்னிப்பு. எந்நேரமும் கறுப்புக் கண்ணாடியா, என்ன பந்தா என்று போனோவை இருபது வருடம் கிண்டல் செய்தேன். தனக்குக் கண்ணழுத்த நோய் இருப்பதை 2014இல் அவர் சொன்னார்.)

காரெட் வேறு வார்ப்பு. ஆறடிக்கும் மேலே போகும் உயரம், மழித்த தலை, சட்டம் படித்தவர். ஆடினால் கை ஒரு திசை, முழங்கால் ஒரு திசை, கழுத்து யாருக்கும் கட்டுப்படாமல் தனியே. சாவி கொடுத்த பொம்மை என்பான் அண்ணன். எனக்கோ, ஒரு கோபத்தை உள்ளே அடைக்கப் பார்த்து, அடைபடாமல் அது மூட்டு மூட்டாக வெளியே வருவதுபோல் இருக்கும். இந்தக் குழு வளர்ந்தது சிட்னியின் கடற்கரையோர மதுக்கூடங்களில்: தாழ்ந்த கூரை, புழுக்கம், நெரிசல். அங்கே யாரையும் அணைத்துக்கொள்ள ஓடவேண்டியதில்லை, கூட்டம் ஏற்கெனவே மூக்கின்மேல் நிற்கும். காரெட் முகத்தைத் திருப்பிக்கொண்டு தனக்குள் ஆடுவார். கவனித்துப் பாருங்கள், சிரிக்கவே மாட்டார். கூட்டத்திடம் அன்பை எதிர்பார்க்காத பாடகர் என்று எனக்குத் தெரிந்தவர் இவர்தான்.

1986இல் இவர்கள் பழங்குடியினரின் வாரும்பி இசைக்குழுவோடு சேர்ந்து நடுப்பாலைவனத்துக் குடியிருப்புகளுக்குப் போய் வாசித்தார்கள். அந்தப் பயணத்திலிருந்துதான், பின்டுபி என்ற பழங்குடி மக்களின் நிலத்தைத் திருப்பிக் கொடு என்று கேட்கும் அந்த உலகப் புகழ் பாட்டு வந்தது. 1990 மே மாதம், அலாஸ்காக் கடலில் எண்ணெய் கொட்டிய எக்ஸான் நிறுவனத்தின் நியூயார்க் அலுவலகத்துக்கு எதிரே ஒரு லாரியின் மேல் ஏறி, மதிய வேளையில் வாசித்தார்கள்.

ஆனால் என்னை வீழ்த்தியது 2000 அக்டோபர் 1, சிட்னி ஒலிம்பிக்கின் நிறைவு விழா. பழங்குடிக் குழந்தைகளைத் தாய்மாரிடமிருந்து பிரித்த கொடுமைக்கு அரசு சார்பில் மன்னிப்புக் கேட்க முடியாது என்று பிடிவாதமாக இருந்த பிரதமர் ஜான் ஹோவர்ட் அரங்கில் இருக்கிறார். குழுவினர் கறுப்பு உடையில் வருகிறார்கள். மார்பிலும் கையிலும் காலிலும் வெள்ளை எழுத்தில் ஒரே சொல்: மன்னிக்கவும். உரை கிடையாது, முழக்கம் கிடையாது. ஒலியை அணைத்துப் பார்க்கவென்றே செய்ததுபோன்ற எதிர்ப்பு அது! பிரதமரால் செவியைப் பொத்திக்கொள்ளக்கூட வழியில்லை.

2002 இறுதியில் குழுவை விட்டு விலகினார் காரெட். 2004இல் தொழிற்கட்சி உறுப்பினராக நாடாளுமன்றம் போனார், 2007இல் சுற்றுச்சூழல் அமைச்சர். 2008 பிப்ரவரி 13 அன்று, உடையில் எழுதி வந்த அந்தச் சொல்லைப் பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்திலேயே சொன்னபோது, காரெட் ஆளுங்கட்சி வரிசையில் இருந்தார். கதை அங்கேயே முடிந்திருந்தால் அண்ணனைத் தோற்கடித்திருப்பேன்.

முடியவில்லை. 1984இல் அணு ஆயுத ஒழிப்புக் கட்சிக்காக செனட் தேர்தலில் நின்று மயிரிழையில் தோற்றவர், 2009இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு யுரேனியச் சுரங்கத்துக்கு அனுமதிக் கையெழுத்துப் போட்டார். அதே ஆண்டு மேரி ஆற்றில் அணை கட்டக்கூடாது என்று நுரையீரல் மீனுக்காகவும் ஆமைக்காகவும் தடுத்தவரும் அவரே. அடுத்த ஆண்டு அவர் பதவியில் இருக்கும்போதுதான், திமிங்கில வேட்டைக்கு எதிராக ஜப்பான்மீது ஆஸ்திரேலியா சர்வதேச நீதிமன்றம் போனது, 2014இல் வென்றது. இதையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டு, யுரேனியத்தைக் கட்சிக் கட்டுப்பாட்டின் கணக்கில் எழுதிவிடலாம் என்றுதான் பார்த்தேன்.

ஆனால் வீட்டுக் கூரைகளின் கதையை எந்தக் கணக்கில் எழுதுவது? பொருளாதாரச் சரிவைச் சமாளிக்க, வீடுகளின் கூரைக்கடியில் வெப்பத்தடுப்புப் போட அரசு பணம் கொடுத்தது. வேலை அவசர அவசரமாக நடந்தது, பயிற்சி போதவில்லை. இளம் தொழிலாளர்கள் நான்கு பேர் இறந்தார்கள். பொறுப்பு காரெட்டின் துறைக்கு. பாதுகாப்பைப் பற்றிப் பிரதமருக்கு அவர் எழுதிய கடிதங்கள் பிறகு வெளிவந்தன. இருந்தும் 2010 பிப்ரவரியில் திட்டம் நிறுத்தப்பட்டது, அவருடைய பொறுப்பில் ஒரு பகுதி பறிக்கப்பட்டது, 2014இல் விசாரணை ஆணையத்தின் முன் சாட்சி சொன்னார்.

"போனோ ஒருவரையும் சாகவிடவில்லையே" என்றான் அண்ணன்.

உண்மைதான். போனோ எந்தக் கோப்பிலும் கையெழுத்துப் போட்டதில்லை. கதவைத் தட்டுவார், கெஞ்சுவார், புகழ்வார், தொகை அறிவிக்கப்பட்டதும் நன்றி சொல்லிவிட்டு அடுத்த ஊர் மேடைக்குப் போய்விடுவார். அந்தக் கதவுக்குள் போய் உட்கார்ந்தவர் காரெட். இதைச் சொன்னபோது, உட்கார்ந்ததே தவறு என்கிறாயா என்று கேட்டான். இல்லை என்றேன். பிறகு என்னதான் சொல்கிறாய் என்றான். எனக்கே தெரியவில்லை. மேடையில் போனோ பெரிய ஆட்டக்காரர், அதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒருவரை அதிகம் நேசிக்க, அவர் எதையாவது இழந்திருக்கவேண்டும் என்று எனக்குள் ஏதோ ஒரு விதி இருக்கிறது. அது நியாயமான விதிதானா என்பது வேறு விஷயம்.

2013இல் அரசியலை விட்டார் காரெட். 2017இல் குழு மறுபடி கூடியது. அந்த ஆண்டுக் கச்சேரிகளில், மேற்கு ஆஸ்திரேலியாவின் விட்டனூமில், நுரையீரலைக் கெடுக்கும் நீலக் கல்நாரை (ஆஸ்பெஸ்டாஸ்) தோண்டிய சுரங்கத் தொழிலாளர்களைப் பற்றிய பழைய பாட்டையும் பாடினார். மண்ணுக்குள் போன மனிதர்களை அவர்களின் கம்பெனி காப்பாற்றுமா என்று கேட்கும் பாட்டு, 1990இல் வந்தது. அந்தப் பாட்டுக்கு மட்டும் ஒலியைக் கூட்டினேன். கூரைக்கடியில் இறந்த நால்வரின் நிழல் ஏதாவது ஒரு வரியில் அவர் முகத்தில் விழும் என்று மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன். எப்போதும்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கை ஒரு திசை கால் ஒரு திசையாக ஆடிக்கொண்டிருந்தார்.