வேலையில் பொப்பிப்பூவும் கார்த்திகைப்பூவும்: பிரித்தானியாவில் அனுமதி கேட்டு வாங்கும் வழி

போரில் இறந்த படையினரை நினைத்து நவம்பரில் சட்டையில் குத்தும் பொப்பிப்பூவின் பெட்டிகள் அக்டோபர் கடைசி வாரத்தில் ரயில் நிலையங்களிலும் கடை வாசல்களிலும் வந்துவிடும். ‘இதை வேலையில் குத்திக்கொள்ளலாமா’ என்ற கேள்வி பலருக்கு அப்போதுதான் எழுகிறது. அனுமதி கேட்பதற்கு அது பிந்திய வாரம். சீருடை பற்றி முடிவெடுப்பவர் உங்கள் ஷிஃப்ட் மனேஜராக இருப்பது அரிது. அவர் மனிதவளப் பிரிவான எச்.ஆருக்கு அனுப்ப வேண்டும், எச்.ஆர் பாதுகாப்புப் பிரிவைக் கேட்க வேண்டும், பதில் திரும்பி வர இரண்டு மூன்று வாரம் போய்விடும். செப்டம்பர் நடுப்பகுதியில் கேட்டவர்களுக்கு நவம்பர் தொடங்கும்போது கையில் பதில் இருக்கும். பூவைக் குத்திக்கொண்டு போய், யாரோ கழற்றச் சொன்ன பிறகு கேட்பவர்களின் கோரிக்கை முதல் நாளிலேயே தகராறாகப் பதிவாகிவிடுகிறது.

கேட்பதற்கு முன் நிறுவனத்தின் சொந்த எழுத்தை வாசியுங்கள். பணியாளர் கையேடு, சீருடை விதிகள், உங்கள் பிரிவுக்கான ஆபத்து மதிப்பீடு என்று மூன்று ஆவணங்கள் இருக்கும். மூன்றாவதை யாரும் கேட்பதில்லை. ஆனால் உண்மையான தடை பெரும்பாலும் அதில்தான் கிடக்கிறது. சீருடை விதியில் ‘நிறுவனம் வழங்கிய சின்னங்கள் தவிர வேறு எதுவும் கூடாது’ என்று ஒரு வரி இருந்தால், அதற்கு விதிவிலக்கு தரும் அதிகாரம் யாருக்கு என்றும் அருகில் தேடுங்கள். கடந்த ஆண்டுகளில் தொண்டு நாட்களுக்கோ விளையாட்டுப் போட்டிகளுக்கோ பட்டி, பேட்ஜ் அணிய அனுமதித்த சுற்றறிக்கை இருந்தால் எடுத்து வையுங்கள். உங்கள் கடிதத்துக்கு அதைவிட நல்ல துணை கிடையாது.

அடுத்து சட்டம். இதில் பலர் தப்பான நம்பிக்கையோடு போய் அடிபடுகிறார்கள். பொப்பி அணிவது எங்கள் உரிமை, தடுத்தால் வழக்குப் போடலாம் என்று நினைக்கிறார்கள். இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்கொட்லாந்தில் செல்லும் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் மதத்தையும் தத்துவ நம்பிக்கையையும் பாதுகாக்கிறது. எது தத்துவ நம்பிக்கை என்பதற்கு 2009இல் வந்த கிரெய்ஞ்ஜர் எதிர் நிக்கல்சன் தீர்ப்பு ஐந்து அளவுகோல்களை வைத்தது. 2011இல் லிஸ்க் என்ற ஊழியரின் வழக்கில், நவம்பர் 2 முதல் நினைவு ஞாயிறு (நவம்பரின் இரண்டாம் ஞாயிறு) வரை பொப்பி அணிந்து மரியாதை செலுத்த வேண்டும் என்ற நம்பிக்கை அந்த அளவுகோல்களுக்குள் வராது, அது மிகக் குறுகலானது என்று வேலை நீதிமன்றம் முடிவு செய்தது. முதல் நிலை நீதிமன்றம் என்பதால் அந்த முடிவு மற்ற நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் எச்.ஆர் ஆட்களுக்கு அது தெரியும். சட்டத்தைக் காட்டிக் கடிதத்தைத் தொடங்கினால் அவர்கள் லிஸ்க் வழக்கைக் காட்டி முடித்துவிடுவார்கள்.

மதச் சின்னத்தின் நிலை இதிலிருந்து வேறுபடும். ஈவெய்டா என்ற விமானச் சேவைப் பணியாளர் சிலுவை அணிந்தது தொடர்பான வழக்கில் 2013 ஜனவரியில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அதே தீர்ப்பில், சிலுவைச் சங்கிலி அணிந்த தாதி சாப்ளின் தோற்றார். நிறுவனத்தின் தோற்றம் கெடும் என்ற வாதம் ஒரு சின்னஞ்சிறு சிலுவைக்கு எதிராக நிற்கவில்லை; நோயாளியின் பாதுகாப்பு என்ற வாதம் நின்றது. நினைவுச் சின்னத்துக்கு அனுமதி கேட்பவரும் இந்த வேறுபாட்டைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். உங்கள் வேலையிடத்தின் மறுப்பு பாதுகாப்பு சார்ந்ததா, தோற்றம் சார்ந்ததா, நடுநிலை சார்ந்ததா என்று முதலில் பிரித்தறியுங்கள். பிறகு அந்த ஒன்றுக்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

பாதுகாப்பு மறுப்பு என்றால் சண்டை பூவோடு கிடையாது, குண்டூசியோடுதான். உணவுத் தொழிற்சாலையில் குண்டூசி விழுந்தால் அது உலோகத் துண்டு. வரிசையின் முடிவில் உலோகங்காட்டி இருந்தாலும், மெல்லிய ஊசி எந்தப் பக்கம் பார்த்துக் கிடக்கிறது என்பதைப் பொறுத்துத் தப்பிவிடலாம். கடதாசி இதழை அந்தக் கருவி அறியவே அறியாது. அதனால் ‘ஊசி இல்லாமல் ஸ்டிக்கர் ஒட்டுகிறேன்’ என்பதும் உணவு வரிசையில் எடுபடாது, ஸ்டிக்கரும் உரிந்து விழும். உற்பத்திப் பகுதிக்குள் அணிவதைக் கேட்காமல் கன்டீன், வரவேற்பறை, வந்து போகும் நேரம் ஆகியவற்றுக்கு அனுமதி கேளுங்கள். நவம்பர் 11ஆம் திகதி காலை 11 மணிக்கு வரிசையை இரண்டு நிமிடம் நிறுத்தச் சொல்லியும் கேட்கலாம். பூவுக்கு இல்லை என்ற இடங்கள் மௌனத்துக்கு இணங்குவது உண்டு.

கெயார் ஹோமிலும் மருத்துவமனை வார்டிலும் காரணம் வேறு. முதியவரைத் தூக்கிப் படுக்கையில் மாற்றும்போது உங்கள் நெஞ்சு அவர் முகத்துக்கும் கைக்கும் உரசும் தூரத்தில் இருக்கும். வயதானவர்களின் தோல் கடதாசிபோல் மெலிந்தது, ஊசி நுனி பட்டாலே கிழியும். மறதி நோய் உள்ளவர்கள் சிவப்பாய்த் தெரிவதைப் பிடித்து இழுப்பார்கள். கடதாசிப் பூவைத் துடைத்துச் சுத்தமாக்கவும் முடியாது. இங்கே நேரடிப் பராமரிப்பில் இல்லாத நேரத்துக்கு மட்டும் கேளுங்கள், அல்லது அலுவலக மேசையிலும் அறிவிப்புப் பலகையிலும் வைக்கக் கேளுங்கள்.

ஊசிக்குப் பதில் காந்தப் பிடி உள்ள உலோக பேட்ஜ் பலருக்கு முதலில் தோன்றும் தீர்வு. இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் காந்தத்தைக் கருவியிலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளி வைக்க வேண்டும் என்பது வழக்கமான அறிவுரை. பேஸ்மேக்கர் பெரும்பாலும் இடது காறை எலும்புக்குக் கீழே இருக்கும். பூவையும் நாம் இடது நெஞ்சில்தான் குத்துகிறோம். உங்களுக்கு அந்தக் கருவி இருந்தாலும், அது பொருத்தியவர்களை அணைத்துத் தூக்கும் வேலை உங்களுடையதானாலும் காந்தம் வேண்டாம்.

களஞ்சிய வேலையில் இரண்டு விடயங்கள். ஒளிரும் மேலாடையின் வெள்ளிப் பட்டியை மறைத்துப் பூ வரக்கூடாது. அடையாள அட்டை நாடாவில் குத்துவதானால், இழுத்தால் கழன்றுவிடும் பிடிக்குக் குறுக்கே குத்தாதீர்கள். நாடா இயந்திரத்தில் மாட்டும்போது அந்தப் பிடி கழன்றால்தான் கழுத்து தப்பும். ஊசி அதைச் சேர்த்துப் பிடித்துவிடும்.

தோற்றம் சார்ந்த மறுப்புதான் எளிதில் தீரும். பூவின் அளவு, இடம், நாட்கள் மூன்றையும் நீங்களே வரையறுத்துக் கொடுத்தால் மனேஜருக்குப் பயம் போய்விடும். ‘இன்று பொப்பிக்கு ஆம் என்றால் நாளை எல்லாரும் எல்லாவற்றையும் குத்திக்கொண்டு வருவார்கள்’ என்பதுதான் அவருடைய பயம். கடிதம் ஆங்கிலத்தில்தான் போகும். அதன் சாரம் இப்படி இருக்கட்டும்:

‘நவம்பர் 1 முதல் நினைவு ஞாயிறு முடியும் வரை, அந்த ஆண்டில் 11ஆம் திகதி அதற்குப் பின் வந்தால் 11 வரை, சீருடையின் இடது பக்கத்தில் பெயர் அட்டையை மறைக்காமல் ஒரே ஒரு பொப்பி பேட்ஜ் அணிய அனுமதி கேட்கிறேன். அகலம் 25 மில்லிமீட்டர். பின்புறம் மூடிய பிடி, கூர்நுனி வெளியே தெரியாது. படம் இணைத்துள்ளேன். இயந்திரப் பகுதிக்குள் போகும்போது கழற்றி லொக்கரில் வைப்பேன். அனுமதிக்க முடியாதென்றால் எந்த விதியின் கீழ் என்று எழுத்தில் அறியத் தாருங்கள். மாற்று வழி இருந்தால் அதையும் சொல்லுங்கள்.’

கடைசி இரண்டு வாக்கியங்களை விட்டுவிடாதீர்கள். காரணத்தை எழுத்தில் கேட்டவுடன், பழக்கத்தில் ‘இல்லை’ என்று சொல்பவர் விதியைப் புரட்டிப் பார்க்க வேண்டிவருகிறது. அப்படி எந்த விதியும் இல்லையென்று அவரே காணும் சந்தர்ப்பங்கள் நிறைய.

எந்தப் பூ என்பதையும் பெயர் சொல்லி எழுதுங்கள். இங்கிலாந்தின் சிவப்புப் பொப்பிக்கு இலை உண்டு. ஸ்கொட்லாந்துப் பொப்பிக்கு நான்கு இதழ், இலை இல்லை. 2023 முதல் பிளாஸ்டிக் இல்லாத கடதாசிப் பூ வந்திருக்கிறது. முதல் உலகப்போரில் நின்ற இந்தியப் படையினரை நினைத்து 2018இல் கதர்த் துணியில் செய்த பொப்பியும் வெளிவந்தது. வெள்ளைப் பொப்பி வேறு மரபு: 1933இல் கூட்டுறவுப் பெண்கள் அமைப்பு தொடங்கியது, போரில் இறந்த எல்லாரையும் நினைத்துப் போரே வேண்டாம் என்று சொல்வது. ‘பொப்பி’ என்று மட்டும் எழுதி அனுமதி வாங்கி வெள்ளையைக் குத்திக்கொண்டு போனால், சொல்லாததைச் செய்தீர்கள் என்ற பேச்சு வரும்.

இனி நம்மவர்கள் அதிகம் கேட்கும் விடயம். மாவீரர் நாளான நவம்பர் 27இல் கார்த்திகைப்பூ பேட்ஜ் அணியலாமா? வீட்டில் ஒருவரையாவது போரில் இழக்காத குடும்பம் நம்மில் குறைவு. பக்கத்து மேசையில் பொப்பி இருக்கும்போது இந்தக் கேள்வி எழுவது முற்றிலும் நியாயம். ஆனால் இதில் கவனமாக நடக்க வேண்டும். தமிழீழ விடுதலைப் புலிகள் பிரித்தானியாவில் 2001 முதல் தடைசெய்யப்பட்ட அமைப்பு. 2000ஆம் ஆண்டுப் பயங்கரவாதச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, தடைசெய்யப்பட்ட அமைப்பின் ஆதரவாளர் என்ற நியாயமான சந்தேகம் வரும்படி ஒரு பொருளைப் பொது இடத்தில் அணிவதைக் குற்றமாக்குகிறது. ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை உண்டு. வாடிக்கையாளர் வந்துபோகும் கடையும் பொது இடம்தான். புலிச் சின்னமோ கொடியோ அமைப்பின் பெயரோ உள்ள எந்த பேட்ஜும் வேலைக்கு வேண்டாம். வேலை போவதோடு நிற்காத விளைவு அது.

பூ மட்டும் உள்ள பேட்ஜின் நிலை அப்படியில்லை. கார்த்திகைப்பூ என்பது செங்காந்தள்தான்; அது சங்கப் பாட்டிலே வரும் பூ, தமிழ்நாட்டின் மாநிலப் பூவும்கூட. ஆனாலும் யாராவது முறைப்பாடு செய்தால் எச்.ஆர் இணையத்தில் தேடுவார், பூவும் அமைப்பும் சேர்ந்த படங்கள் அவர் கண்ணில் படும். அதை அவர் தேடிக் காண்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுவதுதான் நல்லது. பூவின் படம், அது தமிழர்களுக்கு என்ன, எந்த உறவினரை நினைத்து அணிகிறீர்கள், ஒரே ஒரு நாள், அமைப்பு எதுவும் இதில் இல்லை என்று ஐந்து வரியில் எழுதுங்கள். இந்த நாள் அந்த அமைப்போடு எப்படித் தொடர்புபட்டது என்று கேட்டால் மறைக்காதீர்கள். மறைத்தது பின்னர் தெரிந்தால் பூவை விட்டுவிட்டு உங்கள் நேர்மையைத்தான் விசாரிப்பார்கள். சிலர் இந்தச் சிக்கலே வேண்டாமென்று முள்ளிவாய்க்கால் நினைவு நாளான மே 18இல் சட்டைப் பையில் ஒரு கறுப்புப் பட்டியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதுவும் நல்ல முடிவுதான்.

பொப்பிக்கு ஆம், உங்கள் பூவுக்கு இல்லை என்று பதில் வந்தால் இது நடுநிலைக் கேள்வியாகிறது. சமத்துவச் சட்டத்தில் இனம் என்பதற்குள் இனமரபும் அடங்கும். எல்லாருக்கும் ஒன்றெனத் தோன்றும் விதி ஓர் இனத்தாரைக் கூடுதலாகப் பாதித்தால், அது நியாயமான நோக்கத்துக்கு அளவான வழி என்று நிறுவனம் காட்ட வேண்டும். வெற்றி உறுதி என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ‘எந்த அளவுகோலால் ஒன்றை அனுமதித்து மற்றதை மறுத்தீர்கள்’ என்ற கேள்வியை எழுத்தில் வைக்க இந்தச் சட்டம் உங்களுக்கு இடம் தருகிறது. வட அயர்லாந்தில் இது இன்னும் கடுமையான விடயம். அங்கே 1998ஆம் ஆண்டுத் தனிச்சட்டம், அரசியல் கருத்தும் அதில் வரும். அங்கு வேலை செய்பவர்கள் மற்ற பகுதிகளின் அறிவுரையை அப்படியே எடுக்கக் கூடாது.

இதன் மறுபக்கமும் உண்டு: பொப்பி அணிய விரும்பாதவர்கள். 1930களில் இலங்கையில், பொப்பிப் பணம் பிரித்தானியாவுக்குப் போகிறது, இலங்கைப் படையினருக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டு, அதே நவம்பர் 11இல் பூவரசம்பூ விற்ற இயக்கம் ஒன்று இருந்தது. சூரியமல் இயக்கம் என்பார்கள். அந்த நினைவோடு வளர்ந்தவர்களுக்கு மறுக்கக் காரணம் உண்டு. காரணம் எதுவானாலும், பொப்பி அணிவது தனிப்பட்ட விருப்பம் என்று அதை விநியோகிக்கும் ரோயல் பிரிட்டிஷ் லீஜனே சொல்கிறது. மனேஜர் எல்லாருக்கும் பூ கொடுத்துக் குத்தச் சொன்னால், ‘நான் என் வழியில் நினைவுகூர்கிறேன்’ என்று சொல்லி நிறுத்துங்கள். விளக்கம் கொடுக்க வேண்டியதில்லை.

கழற்றச் சொன்னால் கழற்றிவிடுங்கள். மனம் கொதிக்கும், தெரியும். ஆனால் மறுத்து நின்றால் விசாரணை ‘நியாயமான பணிப்புக்குக் கீழ்ப்படியாமை’ என்ற தலைப்பில் நடக்கும், பூ அதில் ஒரு வரியாகச் சுருங்கிவிடும். கழற்றிவிட்டு அன்றே எத்தனை மணிக்கு, யார், என்ன வார்த்தையில் சொன்னார் என்று குறித்து, ‘நீங்கள் கேட்டபடி கழற்றினேன், காரணத்தை எழுத்தில் தாருங்கள்’ என்று மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் திருப்தியில்லை என்றால் முறைப்பாட்டு நடைமுறை. அந்தக் கூட்டத்துக்கு ஒரு சக ஊழியரையோ யூனியன் பிரதிநிதியையோ கூட்டிச் செல்லும் உரிமை 1999ஆம் ஆண்டு வேலை உறவுச் சட்டத்தில் உள்ளது. அவர் பேசலாம், உங்களுக்குப் பதிலாகக் கேள்விக்கு விடை சொல்ல மட்டும் முடியாது. வேலை நீதிமன்றம் வரை போகும் எண்ணம் இருந்தால், சம்பவ நாளிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவு என்று கணக்கு வைத்து, அதற்குள் வேலைத் தகராறுகளைத் தீர்க்க உதவும் ஏகாஸ் (Acas) அமைப்பின் இலவச இணக்கப் பேச்சைத் தொடங்குங்கள். கெடு நீளும் என்ற பேச்சைக் கேட்டுத் தள்ளிப்போடாதீர்கள். நிறுவனத்துக்குள் முறைப்பாடு நடந்துகொண்டிருப்பதால் இந்தக் கடிகாரம் நிற்பதில்லை. பலர் இதில்தான் நாளைத் தவறவிடுகிறார்கள்.

அனுமதி கிடைத்தால் அந்த மின்னஞ்சலை அச்சிட்டு லொக்கரில் ஒன்றும் பையில் ஒன்றும் வையுங்கள். இரவு ஷிஃப்டில் வரும் வேறு மனேஜருக்கோ வேறு கிளையிலிருந்து வந்தவருக்கோ இது தெரிந்திருக்காது. அனுமதி அந்த ஆண்டுக்கு மட்டுமா, எப்போதைக்குமா என்று கேட்டு அதையும் எழுத்தில் வாங்குங்கள். சொன்ன கடைசி நாள் முடிந்ததும், மறுநாள் சீருடையை மாட்டும் முன் பூவைக் கழற்றியாயிற்றா என்று பாருங்கள். அடுத்த ஆண்டுக் கடிதத்தில் ‘சென்ற ஆண்டு கேட்ட நாட்களுக்கு மட்டுமே அணிந்தேன்’ என்று ஒரு வரி எழுத அது வேண்டும்.